குழி தோண்டுவதா, கோணம் அளப்பதா?

பராமரிக்கப்படாத மலையில் ஸ்கீ (பனிச்சறுக்கு) போகிறவர்களிடம் "பனி சரியாமல் இந்த இடம் தாங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மண்வாரியை எடுத்துப் பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பார்ப்பார், ஒருவர் காலையில் வந்த பனிச்சரிவு அறிக்கையை நீட்டுவார், இன்னொருவர் மலை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளப்பார். மூன்றும் தேவைதான். ஆனால் ஒன்று போகலாம் என்றும் இன்னொன்று வேண்டாம் என்றும் சொன்னால் எதைக் கேட்பது?

முதலில் குழி, எல்லோருக்கும் பிடித்தது அதுதான். அதிலேயே இரண்டு சோதனைகள் போட்டி போடுகின்றன. பழையது, 30 செ.மீ.க்கு 30 செ.மீ. பனித்தூண் ஒன்றை வெட்டி, மேலே மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் எந்த ஆழத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும். பலவீனமான அடுக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் அவ்வளவு சின்னத் தூணில் உடைவது பெரிய விஷயமே இல்லை. உடைந்த விரிசல் பக்கவாட்டில் ஓடுமா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் பலகை பலகையாகப் பனி பெயர்ந்து வருவது அந்த ஓட்டத்தால்தான்.

நீள்தூண் சோதனை அதைத்தான் பார்க்கிறது. தூணின் அகலம் 90 செ.மீ., தட்டுவதோ ஒரே ஓரத்தில். விரிசல் உண்டான அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ மறுஓரம் வரை ஓடிவிட்டால், மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் செய்வேன். இதற்கும் எல்லை உண்டு. பலவீன அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் தட்டு அங்கே போய்ச் சேராது. உடையவில்லை என்று சந்தோஷப்பட முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், குழி ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசும். இருபது மீட்டர் தள்ளி, காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய பனி வேறு கதையாக இருக்கலாம். அதனால் 'போகாதே' என்று குழி சொன்னால் கேட்பேன், 'போ' என்றால் கேட்க மாட்டேன்.

அறிக்கையின் பலம் அதன் பரப்பு: எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த பக்கத்தில் ஆபத்து என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். ஆபத்தை அது ஐந்து படிநிலைகளில் சொல்லும். அதில் 3 என்றதும் பரீட்சை மார்க் மாதிரி 'நடுத்தரம்' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது தப்பு. படிக்குப் படி ஆபத்து பல மடங்கு ஏறும், 3 என்பது ஒரே ஆள் ஏறினாலே பனி பெயரக்கூடிய நிலை.

சரி, கோணம். பலகை பலகையாக வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன. பனியின் குணம் ராத்திரியோடு மாறும், மலையின் சாய்வு மாறாது. என் ஓட்டு இதற்குத்தான். கண் மதிப்பை நம்பாதீர்கள். கைக்கம்பைப் பனிமேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்து அளந்தால் போதும். வரைபடத்தில் சாய்வைக் காட்டும் வண்ணங்கள் சின்னச் சின்ன மேடுகளை மழுப்பிவிடும். அப்புறம், நீங்கள் நிற்பது 25 டிகிரியாக இருந்தாலும் தலைக்குமேல் 38 டிகிரி முகம் தொங்கினால் அந்தக் கணக்கு செல்லாது.

அறிக்கையையும் கோணத்தையும் முடிச்சுப் போட்டவர் சுவிட்சர்லாந்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர். 1990-களில் அவர் சொன்ன எளிய விதி: படிநிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே உள்ள சாய்வில் மட்டும் போகலாம், 3 என்றால் 35-க்குக் கீழே, 4 என்றால் 30-க்குக் கீழே. கையுறையைக் கழற்றாமலே போடக்கூடிய கணக்கு.

போகும் வழியில் காலடிப் பனி 'வும்ப்' என்று அமுங்கி, ஸ்கீ முனையிலிருந்து கீறல் பாய்ந்தால் மண்வாரியைத் தொடவே வேண்டாம். நீள்தூண் சோதனையை மலையே செய்து காட்டிவிட்டது. ஏறி வந்த தடம் பத்திரமான சாய்வில் இருந்தால் அதிலேயே திரும்புங்கள்.