சுன்னத்தா, ஆணுறையா: பட்டறை ரோட்டில் போட்ட கணக்கு

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே என் மருந்துக்கடை. போன மாதம் நாக்பூர் நடை போய்த் திரும்பிய டிரைவர் ஒருவர், கடையில் கூட்டம் கலையும்வரை தலைவலி மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏனுங்ண்ணா, சுன்னத் பண்ணிக்கிட்டா எய்ட்ஸ் வராதாமுங்களே? அப்புறம் உறை எதுக்குங்க?"

வாட்ஸப்பில் வந்ததாம். சிரித்து அனுப்பிவிட முடியவில்லை. பாதி நிஜம் அதில் இருக்கிறது.

கென்யாவின் கிசுமுவில் 18 முதல் 24 வயதுவரை உள்ள 2,784 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முன்தோலை நீக்கிப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் நீக்காதவர்களில் 47 பேருக்கு எச்.ஐ.வி. வந்தது, நீக்கியவர்களில் 22 பேருக்கு. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனைகளும் இதையேதான் சொல்லின. முன்தோலின் உட்புறம் மெல்லியது, வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கே அதிகம். அதை எடுத்துவிட்டால், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது. இதை நம்பித்தான் 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்தது. ஆனால் அது தொற்று தலைவிரித்தாடிய, சுன்னத் வழக்கம் குறைவான இடங்களுக்கு.

ஆணுறைக்குச் சொல்லும் எண் சுமார் 80 சதவீதம். 80 பெரிது, 60 சின்னது, ஆணுறைதான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்த 80, ஒவ்வொரு முறையும் தவறாமல் போடுகிறவர்களுடைய எண். பத்தில் ஆறு தடவை போடுகிறவருக்கு அது சேராது. அறுவை சிகிச்சையோ ஒரு நாள் வேலை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு தாபாவுக்குப் பின்னால் நினைவு வைத்திருக்க வேண்டியது எதுவுமில்லை. குடித்திருந்தாலும் அந்த 60 அப்படியே இருக்கும். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஊரை மாற்றினால் கணக்கு மாறிவிடும். கிசுமு வட்டாரத்தில் அப்போது பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் தொற்று இருந்தது. அங்கே 50 பேருக்கு அறுத்தால் இரண்டு வருடத்தில் ஒரு தொற்று தடுக்கப்படும். இந்தியாவில் இன்று 500 பேருக்கு ஒருவர். இங்கே ஒரு தொற்றைத் தடுக்க ஆயிரக்கணக்கானோரை மேசையில் படுக்க வைக்க வேண்டும். நாமக்கல் ஒரு காலத்தில் எய்ட்ஸ் பட்டியலில் மேலே இருந்த மாவட்டம்தான். அந்தக் கெட்ட பேரோடு போராடிய வருடங்களில் இங்கே வந்தது ஆணுறையும் பால்வினை நோய்ச் சிகிச்சையும் ரத்தப் பரிசோதனையும். கத்தி இல்லை.

இன்னொன்றும் உண்டு. புண் ஆற ஆறு வாரம். அதற்குள் பொறுமை இழந்தால் ஆபத்து கூடும். ஆறு வாரமும் ஒதுங்கி இருப்பேன் என்று எந்த டிரைவராவது சத்தியம் செய்தால் எனக்கு நம்பிக்கை வராது. சின்ன வயதிலேயே சுன்னத் கல்யாணம் முடிந்த சில தம்பிகள் "நமக்குத்தான் ஆயிருச்சே" என்கிறார்கள். மிச்சம் இருக்கும் 40ஐ அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

எனக்குக் கணக்கை முடித்து வைத்தது வீட்டுக்காரம்மா விஷயம்தான். உகாண்டாவில் ஏற்கெனவே தொற்று இருந்த ஆண்களுக்குச் செய்து பார்த்தபோது, அவர்கள் மனைவிமாருக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மனைவியைக் காப்பது உறை. தொற்று இருப்பது தெரிந்துவிட்டால், எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் போட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கினால், உடலுறவு வழியாக மனைவிக்குத் தொற்றாது. உறையையும் கத்தியையும் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இந்த மாத்திரையை ஏன் மறக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை.

உறையிலும் கோளாறு உண்டு, பெரும்பாலும் கையாள்வதில். டேஷ்போர்டில் கிடந்து வெயிலில் வெந்தது கிழியும். அதைவிட மோசம் எண்ணெய். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் சமையலுக்கு அருமை. ரப்பர் உறைமேல் பட்டால் சில நிமிடங்களில் அது இற்றுவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் செய்த ஜெல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "அடக் கொடுமையே, இத்தனை நாளா எண்ணெய்தானுங்களே" என்றார் டிரைவர்.

அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தம் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். காசு வேண்டாம், பேரும் வெளியே போகாது. இரண்டு பாக்கெட் வாங்கினார். தினத்தாளில் சுற்றிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பேன்ட் பின்பாக்கெட்டில் செருகப் போனவர், ஒரு நொடி நின்று, துணிப்பையைத் திறந்து மடித்த வேட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டார்.