மார்ஃபின் இருந்தது, சாவி இல்லை

அரசு மருத்துவமனையில் கடும் வலியை அடக்கும் மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தில் ஜி.எச். என்றால் ஓ.பி. சீட்டு, நீள வரிசை, காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை, அவ்வளவுதான். புற்றுநோய் முற்றியவர்களை "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் வலியில் அலறுவது தெருவுக்கே கேட்கும். எங்கள் அத்தைக்குக் கன்னத்தில் வந்த புற்றுநோய் கழுத்துவரை பரவிவிட்டது, இனி குணப்படுத்த வழியில்லை என்று மச்சான் போனில் சொன்னபோது, இங்கிலாந்திலிருந்து அந்தப் பழைய பயத்தோடுதான் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், மாவட்ட ஜி.எச்.சில் ஆதரவு சிகிச்சைக்கென்றே, அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைப்பதற்கென்றே, ஓர் அறை. அதில் இதற்கான பயிற்சி முடித்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ். "வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார். அத்தைக்கு எண்ணாகச் சொல்ல வரவில்லை. சிஸ்டர் அதற்காக அலுத்துக்கொள்ளவில்லை. "நேத்து ராத்திரி தூங்குனீங்களா? சும்மா இருக்கும்போதும் வலிக்குதா, முழுங்கும்போதுதானா? காதுப் பக்கம் இழுக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அத்தையிடம் யாரும் அவ்வளவு நேரம் வலியைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

வலியைவிட அத்தையைக் குன்றிப்போக வைத்தது புண்ணின் நாற்றம். முந்தானையால் வாயை மூடியபடியே இருப்பார், பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார். சிஸ்டர் உப்புநீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்து அதன்மேல் தூவி, துணி வைத்துக் கட்டினார். மறுமுறை மச்சானையே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். "அழுத்தித் தேய்க்காதீங்கண்ணே, ரத்தம் வரும். பழைய துணி ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க, நனைச்சு எடுங்க." சில நாளிலேயே நாற்றம் குறைந்தது. எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை அது. சொல்லித்தர ஓர் ஆள் இல்லாததால் எத்தனை பேர் ஒதுங்கியே செத்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

மார்ஃபின் விஷயத்திலும் அதே கவனம். 10 மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி படுக்கும்போது இரண்டு. கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை, அதை விடவே கூடாது. "வலி வந்தப்புறம் போடாதீங்க. வலி வராம இருக்கத்தான் இது. கடிகாரம் பாத்துப் போடுங்க" என்றார். அத்தை ராத்திரி தூங்கினார், வீடும் தூங்கியது.

அப்புறம் வந்தது அந்தச் சனிக்கிழமை. மாத்திரை தீரப்போகிறது என்று வாங்கப் போனோம். சிஸ்டர் விடுப்பில் இருந்தார். மார்ஃபினை இரட்டைப் பூட்டுப் போட்ட பீரோவில் வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் பதிவேட்டில் கணக்கு எழுதுவார்கள். அது சரிதான், பல நாடுகளிலும் அப்படித்தான். ஆனால் சாவி யாரிடம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. வார்டுக்குப் போனால் "ஓ.பி.யில கேளுங்க", ஓ.பி.யில் கேட்டால் "அவசர சிகிச்சைக்குப் போங்க". அங்கே டியூட்டியில் இருந்த இளம் நர்ஸ், "அது போதை மருந்து சார், எங்களுக்குப் பழக்கமில்ல. வேணும்னா டைக்ளோபினாக் ஊசி போடுறோம்" என்றார். அது சாதாரண வலி ஊசி. டியூட்டி டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பயிற்சி எடுத்த டாக்டர் திங்கட்கிழமை வருவார் என்றார். நான் குரலை உயர்த்தினேன். மச்சான் என் கையைப் பிடித்து, "விடு மாப்ள, திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்றார். இத்தனை வருஷம் இப்படியே பழகிப்போன குரல் அது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

வாரக்கணக்கில் மார்ஃபின் எடுப்பவருக்கு அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. வலி திரும்புவது ஒருபக்கம், உடம்பே பதறும். ஞாயிறு ராத்திரி அத்தைக்கு வேர்த்துக் கொட்டியது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பழையபடி அந்தச் சத்தம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. மருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பீரோவுக்குள் இருந்தது.

இங்கிலாந்தில் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் வீட்டில், தேவைப்படும் என்று ஊகித்தே ஒரு பெட்டி மருந்தை முன்கூட்டி வைத்துவிடுகிறார்கள். ராத்திரியில் அழைத்தால் சமூக நர்ஸ் வந்து ஊசி போடுவார். தகுதி பெற்ற நர்ஸ்கள் மார்ஃபினைத் தாங்களே எழுதித் தரவும் 2012 முதல் அங்கே சட்டம் இடம் தருகிறது. அங்கும் ஹாஸ்பிஸ்கள், அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள், பெருமளவு நன்கொடையில்தான் ஓடுகின்றன, எல்லாம் பொன்னாக இல்லை. ஆனால் ஒரு நர்ஸ் லீவு போட்டதால் வலி மருந்து நின்றது என்று நான் கேள்விப்பட்டதில்லை. 1967-ல் லண்டனில் முதல் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டர் ஆவதற்கு முன் நர்ஸாகப் பயின்றவர். நர்ஸ் கையில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

இங்கிலாந்துவரை போவானேன்? கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து வளர்ந்து, 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. உள்ளாட்சி மூலம் நர்ஸ் வீட்டுக்கே போகிறார். நம் ஊரிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஆதரவு சிகிச்சை சேர்ந்திருக்கிறது. எங்கள் வட்டார நர்ஸ் வண்டியில் வந்து அத்தைக்குப் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். நான் வளர்ந்த காலத்தில் நினைத்தே பார்க்க முடியாதது இது.

சட்டமும் இப்போது தடையில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டன. 2014 திருத்தம் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. பயம் மட்டும் போகவில்லை. அந்த இளம் நர்ஸைக் குறை சொல்ல மனமில்லை, வார்டு முழுக்க நோயாளிகளை வைத்துக்கொண்டு தனியாக நின்றார். இந்த மாத்திரையைப் பற்றி யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அண்மையில் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்தில் இது சேர்ந்திருக்கிறது, நல்லது. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு யார் கற்றுத்தருவது?

திங்கட்கிழமை சிஸ்டர் வந்தார். நடந்ததைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். "எனக்கு அப்புறம் யாரையும் டிரெய்னிங்குக்கு அனுப்பல சார். நான் லீவு போட்டா இந்த ரூமே லீவுதான்" என்றார். மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தேன். ஒவ்வொரு ஷிப்டிலும் பயிற்சி பெற்ற ஒரு நர்ஸாவது இருக்க வேண்டும், மற்றச் சாவிகளைப் போல இந்தச் சாவியும் ஷிப்டுக்கு ஷிப்ட் கையெழுத்தோடு கைமாற வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. "ஆள் பற்றாக்குறை" என்றார், ஆனாலும் மனுவில் குறிப்பு எழுதி நர்சிங் கண்காணிப்பாளருக்கு அனுப்பினார். சாவி விஷயம் அந்த வாரமே சரியானது. பயிற்சிக்கு இருவர் பெயர் போயிருப்பதாக மச்சான் சொல்கிறார். அவர்கள் போய்த் திரும்பும்வரை நான் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், வீட்டில் மாத்திரை எத்தனை மிச்சம் என்று புதன்கிழமையே கேட்டுவிடுங்கள். தீரும் நிலையில் இருந்தால் வியாழக்கிழமையே வாங்கிவிடச் சொல்லுங்கள். லீவு நாளில் பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள்.