11 வருஷமாகக் கேட்கும் ஒரு தட்டு: ரை கூடரின் ‘சிக்கன் ஸ்கின் மியூசிக்’

அமெரிக்க கிதார்க்காரர் ரை கூடரின் 1976-இல் வந்த தட்டு. நான் வாங்கியது பழைய ரெக்கார்டுகள் விற்கும் ஒரு கடையில். ‘ஒரு கீறல்கூட இல்லை சார்’ என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். வீட்டில் போட்டால் இரண்டாம் பக்கம் கடலை வறுக்கிற சத்தம். சரி, அது தனிக் கதை.

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். புல்லரிப்பதை ஹவாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உரித்த கோழியின் தோலை நினைத்துப் பாருங்கள்.

முதல் வருஷம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கம்பிமேல் குழாயை வழுக்கி கூடர் வாசிக்கும் ஸ்லைடு கிதாருக்காக வாங்கினால், மனிதர் பாதி நேரம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். முன்னால் டெக்சாஸ்காரர் ஃப்ளாகோ ஹிமேனெஸின் அக்கார்டியன், ஹவாயின் காபி பஹினுயி வாசிக்கும் ஸ்டீல் கிதார். வாஷிங்டனில் கறுப்பர் என்பதால் தங்க இடம் கிடைக்காத கோபத்தில் பாடகர் லெட் பெல்லி கட்டிய ப்ளூஸில் தொடங்கி, வேறொரு பழைய பாட்டின் நடுவே ஹவாய் பக்தி மெட்டு நுழைகிறது. கதம்பம் என்று அலமாரியில் செருகிவிட்டேன்.

திரும்ப எடுக்க வைத்தவர் அப்பா. ரேடியோ சிலோனில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸைக் கேட்டு வளர்ந்தவர். ஒருநாள் முதல் பக்கம் ஓடும்போது வந்து நின்றார். “இது ரீவ்ஸ் பாட்டாச்சேடா! இவன் ஏன் கல்யாண வீட்ல வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான்?”

‘ஹீ'ல் ஹேவ் டு கோ’தான் அது. பாரிலிருந்து காதலிக்குப் போன் பண்ணுகிறான் ஒருவன். அவள் பக்கத்தில் இன்னொருத்தன். ரிசீவரை உதட்டோடு ஒட்டிப் பேசு என்று கெஞ்சுகிறான். ரீவ்ஸ் அதைக் காதோடு காதாகச் சொல்வார். கூடரிடம் அது மெக்சிகோ போலேரோ, அதாவது நிதானமாக ஆடும் காதல் பாட்டு, ஆகிவிடுகிறது. அக்கார்டியனும் பாட் ரிஸ்ஸோவின் சாக்ஸஃபோனும் இழுத்து இழுத்துக் கொஞ்ச, அழுகை வெளியே தெரியாமலிருக்க ஆடுகிறவன் கண்ணில் வருகிறான். அன்றைக்கு ஆறேழு தடவை ஊசியைத் தூக்கி வைத்தேன்.

பிறகுதான் கூடர் பின்னால் உட்கார்வதன் ருசி தெரிந்தது. மோகன வீணைக்காரர் விஸ்வமோகன் பட்டோடு வாசித்து 1993-இல் வந்த, பிறகு கிராமி வாங்கிய தட்டிலும் இதே குணம்தான்: விருந்தாளிக்கு வழிவிட்டு, சரியான இடத்தில் இரண்டே சுரம்.

குறை உண்டு. கூடர் பெரிய பாடகர் இல்லை. பின்பாட்டுக்காரர்கள் பாபி கிங், டெர்ரி எவன்ஸ் கூடப் பாடும்போது அது இன்னும் பளிச்சென்று தெரியும். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டை நான் இன்னமும் தாண்டிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இன்றும் ரீவ்ஸ்தான் உசத்தி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சவரம் பண்ணும்போது முணுமுணுப்பது போலேரோ தாளத்தில்.