வேலூரில் இலவச ஞாயிறு நடை: கோட்டையா, பஜாரா, ஆற்காடா?

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. வேலூரைச் சுற்றிக் காட்டுகிற யாரும் இந்தப் பட்டியலைச் சொல்லாமல் ஆரம்பிப்பதில்லை. (பட்டியலில் இன்னும் சில உண்டு. ஒன்று ஊர்ப் பெண்களைக் கிண்டல் செய்வது, அதை விட்டுவிடலாம்.) போன தை மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று இலவச நடைகளுக்குப் போனேன். மூன்றிலும் முதல் ஐந்து நிமிடம் இதேதான்.

நடத்தியவர்கள் காசு வாங்காத உள்ளூர்க்காரர்கள். கோட்டைக்கு ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர், பஜாருக்கு ஒரு கல்லூரி மாணவர், ஆற்காட்டுக்கு அந்த ஊர்க் கடைக்காரர் ஒருவர். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன், "எனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் கிடைக்கும், எதுக்கு வரட்டும்ணா?" என்று கேட்டான். உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த அலசல்.

பார்ப்பதற்கு என்று எடுத்துக்கொண்டால் கோட்டையோடு எதுவும் போட்டி போட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், ஒரு மசூதி, 1846ல் கட்டிய புனித ஜான் தேவாலயம். நுழையக் கட்டணம் கிடையாது. காலை ஆறரைக்கே கூடிவிட்டோம், நாற்பது பேர் இருக்கும். கோயிலின் கல்யாண மண்டபத்தில் ஆசிரியர் செய்த ஒரு காரியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரைத் தூண் ஒன்றின்மீது மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அதுவரை மொழுமொழுவென்று தெரிந்த கல்லில் கடிவாளத்தின் முடிச்சும் வீரனின் இடுப்புக் கச்சையும் மேலே எழுந்து வந்தன. "இப்போ தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கோயில்தான் அந்தச் 'சாமி இல்லாத கோயில்'. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் 1981 மார்ச்சில் திரும்பி வந்ததோடு பட்டியலில் ஒன்று அடிபட்டுப் போனது.

அப்புறம் 1806 சிப்பாய்ப் புரட்சி. கம்பெனிச் சிப்பாய்களுக்கு நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலையில் தோல் வைத்த புதுத் தொப்பி என்று முந்தைய ஆண்டு வந்த உத்தரவு. அதே கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பம். ஜூலை 9 அன்று திப்புவின் மகளுக்குக் கல்யாணம், மறுநாள் விடிவதற்கு முன் துப்பாக்கிச் சத்தம். அன்று காலையிலேயே வெளியிலிருந்து குதிரைப்படை வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கொல்லப்பட்ட சிப்பாய்கள் 350 பேர் வரை என்கிறார்கள். அவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு ஐம்பத்தொரு ஆண்டு முந்தைய கதை இது.

இத்தனையும் சொன்னபிறகு கோட்டை நடைக்கு நான் மார்க் குறைப்பது விநோதமாக இருக்கலாம். நாற்பது பேரில் கடைசி பத்துப் பேருக்கு ஆசிரியரின் குரல் எட்டவில்லை. எட்டரைக்கே முடித்துவிட்டதால், அருங்காட்சியகம் திறக்கும்வரை நிழல் தேடி உட்கார வேண்டியதாயிற்று. இவை சின்னக் குறைகள்தான். என்னை யோசிக்கவைத்தது வேறு: கோட்டை தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். நாலு பக்கம் படித்துவிட்டு ஒரு டார்ச்சோடு தனியாகப் போனாலே முக்கால்வாசி கிடைத்துவிடும்.

பஜார் நடை நேரெதிர். தொடக்கம் மக்கான் சந்திப்பில் உள்ள 1806 நினைவுத் தூண். தினமும் ஆயிரம் தடவை கடந்துபோகிற இடம், ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. அங்கிருந்து லாங் பஜார் மணிக்கூண்டு. அதன் கல்வெட்டை மாணவர் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார்: இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை. அதன் கீழே நான் எத்தனையோ முறை பேரம் பேசி வெங்காயம் வாங்கியிருக்கிறேன். ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் வந்ததும் ஊரே மாறிவிடுகிறது. காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்தில், மருந்துக்கடைக்காரர் பேசுவது இந்தியில், காலை எட்டு மணிக்கே கடுகெண்ணெய் காயும் வாசனை. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவதால் உண்டான தெரு இது. வேலூரில் வரலாறு இன்னும் நடந்துகொண்டிருக்கிற இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இங்கேதான் மாணவர் சறுக்கினார். சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் வாசலில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு வந்து நின்ற கதையை 'இதே தெருவில்' நடந்ததாகச் சொல்லிவிட்டார். அது நடந்தது திண்டிவனத்தில். வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியது அதற்குப் பல வருடம் கழித்து, 1900ல். முடிந்தபிறகு தனியாகச் சொன்னேன். "அப்படியா சார்" என்று போனில் குறித்துக்கொண்டார். இலவச நடைகளில் இந்த ஆபத்து உண்டு. காசு கொடுத்து வைத்துக்கொள்ளும் வழிகாட்டி மட்டும் என்ன வாழ்ந்தது? கல்யாண மண்டபத்தைப் பெயர்த்துக்கொண்டுபோக வெள்ளைக்காரன் கப்பல் அனுப்பினான், அது மூழ்கிவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். போனில் காணொளி பார்த்துக்கொண்டே நடப்பதும் ஒரு வழிதான். லாங் பஜாரில் அதைச் செய்தால் மாட்டிலோ மீன்பாடியிலோ மோதிக்கொள்வீர்கள்.

ஆற்காட்டுக்கு வந்தவர்கள் என்னோடு ஏழு பேர். வேலூரிலிருந்து பஸ்ஸில் சுமார் 25 கிலோமீட்டர், 2019லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். போய் இறங்கினால் பார்க்க என்ன இருக்கிறது? பாலாற்றங்கரையில் டெல்லி கேட், ஒரே ஒரு வாசல். ஆற்காடு நவாபின் தலைநகரக் கோட்டையில் மிச்சம் அவ்வளவுதான். தனியாக வந்திருந்தால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

கடைக்காரர் எங்களை அந்த வாசலடியில் ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். 1751ல் ராபர்ட் கிளைவ் என்ற இருபத்தைந்து வயதுக்காரன் சுமார் ஐந்நூறு பேரோடு இங்கே புகுந்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினான். அரிசி தீரும்போது நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைத் தாங்கள் குடித்தார்கள் என்ற கதையையும் சொன்னார். சொல்லிவிட்டு, "இதை நம்பறது உங்க இஷ்டம், எனக்குச் சந்தேகம்தான்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகவே அவர் சொன்ன மற்றதை நம்பினேன்.

மற்றது இதுதான். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் ஹைதர் அலி தன் பிள்ளைக்கு வைத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து, 1783ல் இதே ஆற்காட்டின் மதில்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். அவர் செத்தபிறகு குடும்பம் வேலூர்க் கோட்டையில் கைதி. 1806ல் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது அடக்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை எங்கிருந்து கிளம்பியது? இதே ஆற்காட்டிலிருந்து. கோட்டையில் 'வெளியிலிருந்து வந்த படை' என்று கேட்டது இங்கே உட்கார்ந்தபோதுதான் பிடிபட்டது.

நிழல் குறைவு, கழிப்பறை வசதி சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோட்டைதான் சரி. வயதானவர்களுக்கு லாங் பஜார் நெரிசல் வேண்டாம். மாசி பிறந்துவிட்டால் மூன்றுமே ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும், 'வெயிலூர்' என்று சும்மா சொல்லவில்லை.

பணம் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். ஆசிரியர் கும்பிடு போட்டு மறுத்தார், மாணவருக்கு எல்லோரும் சேர்ந்து டிபன் வாங்கிக் கொடுத்தோம். ஆற்காட்டுக்காரர், "எனக்கு வேணாம், பக்கத்துக் கடையில மக்கன் பேடா வாங்கிட்டுப் போங்க" என்றார். அந்த இனிப்பில் அரைக் கிலோ வாங்கினேன்.

ஆற்காட்டுக்கு வா என்று தம்பிக்குச் சொல்லிவிட்டேன். "வேலூருக்கு வந்துட்டு கோட்டையைப் பார்க்காம போறதாண்ணா?" என்றான். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டால் காலையில் அவனே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். டார்ச் என்னிடம் இருக்கிறது.