கடலும் மலையும் சேர்ந்த பேக்கேஜா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகு), மலையேற்றம், கடலோர நடை எல்லாம் ஒரே பேக்கேஜில் என்று விளம்பரம் பார்த்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது.

பயிற்சி பெற்ற வழிகாட்டி, தரமான பாதுகாப்புச் சாதனங்கள், காப்பீடு, மூன்றும் உண்டு என்று சொல்லித்தான் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள். போய் இறங்கினால் வழிகாட்டி என்று யாரும் இல்லை. வேன் ஓட்டி வந்த டிரைவரையே எங்களோடு அனுப்பினார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் தலையில் கட்டியவர்கள் மேல்தான்.

கயாக் ஏறும் இடத்தில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகளில் பாதிக்குக் கொக்கி இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த நுரையை விரலால் அழுத்தினால் அழுந்தியபடியே நின்றது. லேபிளில் 50 நியூட்டன் என்று இருந்தது, ஆளை மிதக்க வைக்கும் விசையின் அளவு அது. அந்த அளவு ஜாக்கெட் நீந்தத் தெரிந்தவர்களுக்கானது. மயங்கியவரைப் புரட்டி முகத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவராது. குழந்தைகளுக்கும் அதே பெரியவர் அளவுதான். என் மகள் போட்டுக்கொண்டதும் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன்; ஜாக்கெட் காதுக்கு மேலே வந்துவிட்டது. தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டோம்.

சரி, அதற்குப் பதில் கடலோரமாக நடக்கலாம் என்று செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில் கூட்டிப்போனார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாள், கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும். எத்தனை மணிக்கு ஏறும் என்று யாரும் பார்த்திருக்கவில்லை. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் கடற்கரைகளில், ஏற்றத்துக்கு ஆகும் சுமார் ஆறு மணி நேரத்தில் தண்ணீர் ஒரே சீராக ஏறாது. முதல் மணி நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், பார்த்தால் தெரியவே தெரியாது. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும். நாங்கள் முனையைச் சுற்றிப் போனது அந்த நேரத்தில். எங்களோடு வந்த ஒரு பெரியவர்தான் பாறையைக் காட்டினார். பச்சைப் பாசி எங்கள் தலைக்கு மேலே வரை படிந்திருந்தது. தண்ணீர் அதுவரை வரும் என்று அப்போதுதான் உறைத்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம். நடந்து வந்த மணலில் இடுப்பளவு தண்ணீர். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடந்தோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கயாக் வேண்டாம் என்றது நீங்கள்தானே" என்கிறார்கள்.

யாரிடம் பதிவு செய்தாலும், வழிகாட்டியின் பெயரையும் பயிற்சிச் சான்றிதழையும் காப்பீட்டு நகலையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கடலோர நடை இருந்தால், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் அன்றைய ஓத அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகளின் எடைக்கேற்ற ஜாக்கெட் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் காப்பீட்டு எண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினோம், இதுவரை பதில் இல்லை.