கேட்காமலே வரும் கோல்ஃப் யோசனை: சேவை எப்படி, எடுத்துக்கொள்ளலாமா?

விலை கிடையாது. ஆர்டர் போட வேண்டியதும் இல்லை. ரேஞ்சில், அதாவது அடித்துப் பழகும் பயிற்சித் திடலில், இரண்டு பந்து அடுத்தடுத்து வலப்பக்கம் வளைந்து போனால் போதும், பக்கத்து விரிப்பில் இருப்பவர் தன் மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுவார். டெலிவரி வேகத்தில் இந்தச் சேவையோடு யாரும் போட்டி போட முடியாது. சரக்கின் தரம்தான் இடிக்கிறது. அதிகம் புழங்கும் சரக்குகளைப் பிரித்துப் பார்த்த முடிவுகள் இவை. எல்லாம் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதியது. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றி வாசித்துக்கொள்ளவும். சேவை தருகிறவர்கள் அந்தச் சிரமத்தையும் எடுத்துக்கொள்வதில்லை, எல்லோருக்கும் ஒரே மாடல்தான்.

முதலில் உற்பத்திக் குறைபாடு. மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய 2000-இல் ஒரு பங்கு. மட்டைமுகம் எந்தப் பக்கம் பார்த்தது, மட்டை எந்தப் பாதையில் வந்தது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது, இறங்கும்போதா ஏறும்போதா, என்ன வேகத்தில் என்பதெல்லாம் அதற்குள் முடிந்துவிடும். பந்தின் தலையெழுத்தே இவ்வளவுதான். வெறும் கண்ணுக்கு இதில் ஒன்றும் அகப்படாது. ஆலோசகர் பார்ப்பது பந்து போன திசையையும் உங்கள் உடம்பையும்தான். அதனால் தலை, முழங்கை, இடுப்பு என்று கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போடுகிறார்.

அதிகம் விற்கும் சரக்கு: "தலையைத் தூக்கிட்டீங்க." பந்தின் மண்டையில் மட்டை பட்டு அது தரையோடு உருண்டால் (இதன் பெயர் டாப்) இந்த யோசனை வந்து சேரும். தலை உயர்ந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் விளைவு. எடை வலக்காலிலேயே தங்கிவிட்டால், அல்லது கை மடங்கிச் சுருங்கினால், அல்லது இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளப்பட்டு முதுகு நிமிர்ந்தால், மட்டை தொடும் மிகத் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போகும், அல்லது மேலே எழும். யோசனையைக் கேட்டுத் தலையை ஆணியடித்த மாதிரி வைத்துக்கொண்டால் தோள் சுழலாது, எடை இன்னும் பின்னால் நிற்கும், இடமுழங்கை கோழி இறக்கை போல மடங்கும். டாப் குறையாது, கழுத்து வலி கூடுதலாகக் கிடைக்கும். மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் 10 பட்டம் வென்ற அன்னிகா சோரன்ஸ்டாமும், 2001 ஓப்பன் சாம்பியன்ஷிப் வென்ற டேவிட் டுவாலும் பந்தை அடிக்கும் நேரத்திலேயே தலையை இலக்குப் பக்கம் சுழற்றியவர்கள். இருவரும் 18 குழிச் சுற்றை 59 அடியில் முடித்திருக்கிறார்கள். அவர்கள் ரேஞ்சில் அடையாளம் தெரியாமல் நின்றிருந்தால் எத்தனை பேர் திருத்தப் போயிருப்பார்களோ.

டாப்புக்கு உருப்படியான சோதனை வேறு இருக்கிறது. புல்தரையில் ஒரு கோடு கிழித்து, பந்து இல்லாமல் கோட்டின் மேல் பத்து முறை வீசிப் பாருங்கள். மண் கோட்டிலிருந்தோ, கோட்டுக்கு இலக்குப் பக்கமாகவோ பெயர வேண்டும். பின்னால் பெயர்ந்தால் எடை நகரவில்லை. செயற்கை விரிப்பாக இருந்தால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் சிறு துவாலையை மடித்து வைத்து அடியுங்கள். துவாலையில் பட்டால் அதே நோய். இந்தச் சோதனையில் தலை என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. மதிப்பீடு: 5-க்கு 1 நட்சத்திரம், அதுவும் நல்ல மனசுக்காக.

"இடக்கை நேரா இருக்கணும்" என்பதை நீளமாக ஆராய வேண்டியதில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் கால்வின் பீட்டுக்குச் சின்ன வயதில் முழங்கை முறிந்து, இடக்கையை முழுசாக நீட்டவே முடியாது. 1981 முதல் 1990 வரை தொடர்ந்து பத்து ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில், ஃபேர்வேயை (சீராக வெட்டிய புல்பாதையை) தவறவிடாமல் அடிப்பதில் முதலிடம் அவருக்குத்தான். கை அகலமாக விரிந்திருப்பது வேறு, பூட்டிக்கொண்டு விறைப்பது வேறு. விறைத்தால் மணிக்கட்டும் தோளும் சேர்ந்து இறுகி வேகம் செத்துவிடும்.

"மெதுவா அடிங்க" என்பதும், அதன் இரட்டைப் பிள்ளையான "ரொம்ப மெதுவா தூக்குறீங்க" என்பதும் ஒரே கடைச் சரக்கு. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிஜிஏ பயிற்சியாளர் ஜார்ஜியா பால் வெளியிட்ட வீடியோ உலகம் சுற்றியது நினைவிருக்கலாம். அவர் தன் ஸ்விங்கை, அதாவது மட்டை வீசும் முறையை, மாற்றும் பயிற்சியில் இருக்கிறார். பின்னாலிருந்து ஒருவர் குரல்: பின்னால் தூக்குவது ரொம்ப மெதுவாக இருக்கிறது, நான் 20 வருஷமாக ஆடுகிறேன். ஸ்விங் மாற்றத்தில் இருக்கிறேன் என்று அவர் பொறுமையாகச் சொல்லியும் நடக்கவில்லை. அடுத்த பந்து அருமையாகப் போகிறது. பார்த்தீர்களா, எவ்வளவு நன்றாக வந்தது என்கிறார் ஆலோசகர். இந்தச் சேவையின் வியாபார நுட்பம் முழுக்க அதில் இருக்கிறது: நன்றாகப் போனால் யோசனை வேலை செய்தது, மோசமாகப் போனால் நீங்கள் அதைச் சரியாகச் செய்யவில்லை.

வேகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது விகிதம். நல்ல ஆட்டக்காரர்களிடம் பின்னால் தூக்கும் நேரம், இறக்கும் நேரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தூக்க முக்கால் நொடி என்றால் இறக்கக் கால் நொடி. அவசரக்காரர் கெடுவது மொத்த வேகத்தால் அல்ல. உச்சியில் திரும்பும் இடத்தில் இடுப்புக்கு முன்னால் தோள் பாய்வதால்தான். அவரை மெதுவாக அடிக்கச் சொன்னால் தூக்குவதை மட்டும் மெதுவாக்கிவிட்டு, அதே பாய்ச்சலைப் பாய்வார். தூர அடிக்கான டிரைவர் மட்டையில் தலையின் வேகம் மணிக்கு 1 மைல் குறைந்தால் ஏறக்குறைய இரண்டரை கஜம் போய்விடும். மெதுவாக அடித்தபோது பந்து தூரம் போனதாகத் தோன்றினால், அது முகத்தின் நடுவில் பட்டதால் வந்த லாபம். அந்த நடுவைத்தான் தேட வேண்டும். அதற்கு எளிய அளவுகோல்: அடித்து முடித்த நிலையில், பந்து தரையில் விழும் வரை இடக்காலில் நிலைத்து நிற்க முடிகிறதா? முடிந்தால் வேகம் உங்களுக்கு அளவானதுதான்.

இனி ஆபத்தான சரக்கு. "ஸ்லைஸ் ஆகுதா, கொஞ்சம் இடப்பக்கம் குறி வைங்க." ஸ்லைஸ் என்றால் பந்து வலப்பக்கம் வளைந்து போவது. யோசனை கேட்பதற்கு நியாயமாகப்படும், அதனால்தான் கெடுதல். டிரைவரில் பந்து கிளம்பும் திசையை ஏறக்குறைய 85 சதவீதம் மட்டைமுகம் தீர்மானிக்கிறது. வளைவு பிறப்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோணத்தில். இடப்பக்கம் குறி வைக்கும்போது பாதமும் தோளும் இடப்பக்கம் திரும்பும். மட்டையின் பாதை முன்னைவிட வெளியிலிருந்து உள்ளே அறுக்கும். இலக்கைப் பார்த்தே பழகிய முகம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் இடையிலான கோணம் பெருக, வளைவும் பெருகும். அடுத்த வாரம் அதே ஆள் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்பார். அப்படியே போனால் ஒரு நாள் பக்கத்து ஃபேர்வேயைப் பார்த்து நின்றுகொண்டு அடிப்பீர்கள்.

ஸ்லைஸுக்கு இந்த வரிசையில் பாருங்கள். பிடி முதலில். மட்டையைப் பிடித்தபின் குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டி தெரிய வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தால் முகம் திறந்தே வரும், மற்றதெல்லாம் வீண் வேலை. அடுத்து பந்தின் இடம்: டிரைவருக்கு இடக் குதிகாலின் உட்புறத்துக்கு நேராக. அதற்கும் முன்னால் வைத்தால் தோள் இடப்பக்கம் திறந்துகொள்ளும். மூன்றாவது, முகத்தில் பந்து பட்ட இடம். காலுக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை டிரைவர் முகத்தில் லேசாக அடித்துவிட்டு நாலு பந்து அடித்தால் தழும்பு தெரியும். குதிப் பக்கம், அதாவது தண்டுக்கு அருகில் பட்டிருந்தால் அதுவே தனியாக ஸ்லைஸ் சுழற்சியைச் சேர்க்கும். பிடியும் பாதையும் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பந்து வளையும். அப்போது வேண்டியது பந்திலிருந்து நிற்கும் தூரத்தைச் சரிசெய்வது. பத்து ஆலோசகர் சேர்ந்தாலும் சொல்ல முடியாததை அந்தப் பவுடர் சொல்லிவிடுகிறது.

"குஞ்சுப் பறவையைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்பது சாம் ஸ்னீட் பெயரில் உலாவும் வாசகம். பிஜிஏ டூரில் 82 பட்டம் வென்ற மனிதரின் கைவலிமைக்கு அது மென்மையாக இருந்திருக்கும். சுமார் 200 கிராம் டிரைவர் தலை முழு வேகத்தில் சுற்றும்போது கையைவிட்டு வெளியே இழுக்கும் விசை சாதாரண ஆட்டக்காரருக்கே ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமம். குஞ்சு பறந்துவிடும், மட்டையும் சேர்ந்து. விரலில் உறுதி, முன்கையில் தளர்வு. அதற்கு மேல் கவிதை தேவையில்லை.

"பந்துக்கு அடியில போய்த் தூக்கி விடுங்க" என்பதும் நிறைய வருகிறது. பந்தைத் தூக்குவது மட்டையின் சாய்வு, அதற்காகத்தான் அந்தச் சாய்வை வைத்திருக்கிறார்கள். அயர்னில் (தட்டையான உலோகத் தலை மட்டையில்) மட்டை இறங்கிக்கொண்டிருக்கும்போது பந்தைத் தொட வேண்டும். தூக்க முயன்றால் பின்னால் மண்ணில் குத்தும். டிரைவர் மட்டும் விதிவிலக்கு. டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணியில்) பந்தின் பாதி மட்டைத் தலைக்கு மேலே தெரிகிற உயரம் வைத்து, லேசாக ஏறும்போது அடிக்கலாம்.

கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு, வந்தால் ஆலோசகர்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. "குழியை எட்டாத பந்து விழாது" என்பது தர்க்கப்படி சரி. ஆனால் குழியைத் தாண்டி ஓடிய பந்தும் விழுந்ததில்லையே. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்து 42.67. வேகம் கூடக் கூட, குழியின் ஓரத்தில் பட்ட பந்து உள்ளே விழாமல் சுற்றி வெளியேறும், குழி சுருங்கியதற்குச் சமம். தவறினால் ஒன்றரை அடி தாண்டி நிற்கும் வேகம் போதும். "எல்லாப் பட்டும் தண்ணிப் பக்கம்தான் இழுக்கும்" என்பதில் (பட்டு என்பது கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடி) பாதி உண்மை உண்டு, தண்ணீர் தாழ்வான இடத்தில் நிற்கும். ஆனால் மழைநீர் தேங்காமலிருக்க கிரீனையே பல பக்கம் வடியும்படி அமைப்பார்கள். குளம் எங்கே என்று தேடாமல், பந்துக்கும் குழிக்கும் நடுவழியில் நின்று எந்தக் காலில் எடை இறங்குகிறது என்று பாருங்கள்.

"டிரைவ் காட்சிக்கு, பட்டுதான் காசுக்கு" என்ற பழமொழிக்கும் வயதாகிவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி பிஜிஏ டூரின் ஷாட் கணக்குகளை அலசினார். முன்னணி ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட அடையும் சாதகத்தில் பட்டிங்கின் பங்கு ஏறக்குறைய 15 சதவீதம்தான். கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுக்கு 40.

சிரிப்புக்காகவே வைத்துக்கொள்ளலாம் என்றால் "மரம்னா 90 சதவீதம் காற்றுதான், அடிச்சு விடுங்க" என்பதை வைத்துக்கொள்ளலாம். காற்று 90 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு அடுக்குக் கிளையைத் தப்ப 10-க்கு 9 வாய்ப்பு. ஏழு அடுக்கைக் கடக்க வேண்டுமென்றால் வாய்ப்பு பாதிக்கும் கீழே. பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள்.

தரமான சரக்கும் உண்டு. "ஒரு மட்டை பெருசா எடுங்க", அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுங்க என்பதற்கு முழு நட்சத்திரம். பெரும்பாலானவர்கள் தங்கள் வாழ்நாளின் சிறந்த 7 அயர்ன் அடியைத் தூரக் கணக்காக வைத்துக்கொண்டு எப்போதும் கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறார்கள். "நீங்க வலப்பக்கம் பார்த்து நிக்கிறீங்க" என்பதும் கேட்கத் தகுந்தது, சொல்பவர் உங்களுக்கு நேர் பின்னால் நின்று பார்த்திருந்தால். கால் விரல்களை ஒட்டி ஒரு குச்சியை வைத்துவிட்டு நீங்களே பின்னால் போய்ச் சரிபார்க்கலாம். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள்: இரண்டையும் அந்த இடத்திலேயே சோதித்துவிடலாம்.

நிபந்தனைகள். போட்டி ஆட்டத்தில் இந்தச் சேவைக்கு விலை உண்டு. விதி 10.2-இன்படி அதே போட்டியில் ஆடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு யோசனை சொன்னால் சொன்னவருக்கு ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) 2 ஸ்ட்ரோக், மேட்ச் பிளேயில் (குழி குழியாக வெற்றி எண்ணும் ஆட்டம்) அந்தக் குழியே போய்விடும். "என்ன மட்டை அடிச்சீங்க?" என்று கேட்பதும் அதே குற்றம். பக்கத்தவர் பையை எட்டிப் பார்க்கலாம், தெரிந்துகொள்வதற்காகத் துண்டை விலக்கக் கூடாது. தூரம், கொடியின் இடம், விதிகள் ஆகியவை பொதுத் தகவல், தாராளமாகச் சொல்லலாம். பை சுமக்கும் கேடியிடமும் ஜோடியிடமும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்காமல் வந்த யோசனைக்கு உங்களுக்குத் தண்டனை இல்லை. ஆனால் அதே ஆள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் தடுக்க முயலாமல் இருந்தால் கேட்டு வாங்கியதாகவே கணக்கு. "போதுங்க" என்று சொல்ல விதிப்புத்தகமே தரும் நல்ல சாக்கு இது.

ரேஞ்சில் அந்த விதி செல்லாது. சந்தாவை ரத்து செய்ய அங்கே இருக்கும் சிறந்த வழி இடம் பிடிப்பது. இலக்கைப் பார்த்து நிற்கும்போது உங்களுக்கு இடது கோடியில் வரும் விரிப்பை எடுங்கள். வலக்கைக்காரர்கள் எல்லோரும் பந்துக்கு நிற்கும்போது வலப்பக்கம் பார்த்தே நிற்பார்கள். வரிசை முழுவதன் முதுகும் உங்கள் பக்கம், உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. பக்கத்து விரிப்புக்கு இடக்கைக்காரர் வந்து சேர்ந்தால் மட்டும் நேருக்கு நேர். அப்போது காதில் இயர்போன்.