2011 போட்டிப் பிஸ்டல்: இருபதாயிரம் தோட்டாவுக்குப் பிறகு எது தாங்குகிறது, எது காலை வாருகிறது

முதலில் ஒரு கணக்கு. 16 அட்டை இலக்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு அடி, மொத்தம் 160 புள்ளி உள்ள ஒரு ஸ்டேஜ் (நேரத்துக்கு எதிராக ஓடிச் சுடும் ஒரு சுற்று). 150 புள்ளியை 20 வினாடியில் எடுத்தால் ஹிட் ஃபேக்டர், அதாவது வினாடிக்கு எடுத்த புள்ளி, 7.5. அதே ஓட்டத்தில் ஒரு ஜாம் விழுந்து 4 வினாடி போனால் 6.25. வலுவான தோட்டாவுக்கான மேஜர் ஸ்கோரிங்கில் இருபத்தைந்து ஏ அடிகளை (5 புள்ளி) சி-யாக (4 புள்ளி) கோட்டைவிட்டாலும் இதே 6.25தான் வரும். பிராக்டிகல் ஷூட்டிங்கில் ஒரு பிஸ்டலின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ட்ரிக்கரை அரை பவுண்டு குறைத்துச் சம்பாதிக்கும் நேரம் முழுவதையும் ஒரே ஒரு ஜாம் விழுங்கிவிடும்.

இங்கே பேசுவது 2011 வகை. இது வருடத்தின் பெயரல்ல. 1911 என்ற பழைய பிஸ்டலின் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்), பேரல், ஹேமர் (சுத்தியல்), சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, சட்டத்தை மட்டும் இரண்டு துண்டாக்கியது. மேலே உலோகச் சட்டம், கீழே திருகு போட்டு மாட்டும் பாலிமர் பிடி, அதற்குள் இரட்டை வரிசை மேகசின் (தோட்டா நிரப்பும் குழாய்). 1990-களின் தொடக்கத்தில் வர்ஜில் டிரிப், சாண்டி ஸ்ட்ரேயர் ஆகியோர் உருவாக்கிய வடிவம் இது. எஸ்டிஐ என்ற பெயரில் பரவிய நிறுவனம் 2020-இல் ஸ்டாக்காட்டோ ஆனது; எஸ்விஐ இன்ஃபினிட்டி என்ற இன்னொரு நிறுவனம் இன்றும் கையால் பொருத்தித் தரும் உயர்ந்த வரிசையில் இருக்கிறது. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கச் சங்கத்தின் லிமிடெட், ஓப்பன், 2023-இல் வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ், ஐபிஎஸ்சி என்ற உலக அமைப்பின் ஸ்டாண்டர்ட், ஓப்பன் என்ற போட்டிப் பிரிவுகளின் முன்வரிசை எங்கும் இந்த வகையைத்தான் அதிகம் பார்க்கலாம்.

ஆண்டுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் தோட்டா போடுகிறவர்களின் கையில் இது எப்படி நடந்துகொள்கிறது? சுருக்கமாக: பிஸ்டல் தாங்கும், மேகசின் தாங்காது. "என் கன் ஜாம் ஆகிறது" என்று வரும் பத்துப் புகாரில் பாதிக்கு மேல் மேகசினில் முடியும். மிச்சத்தில் பெரும்பங்கு தோட்டாவில். பொருத்தியவர் மேல் பழி போடுவதற்கு முன் இந்த இரண்டையும் தீர்த்துவிட வேண்டும்.

மேகசினிலிருந்து தொடங்குவோம். யுஎஸ்பிஎஸ்ஏ லிமிடெட்டில் நீளம் 141.25 மி.மீ. வரை, ஓப்பனில் 171.25 மி.மீ. வரை. இந்த எல்லைக்குள் ஒரு தோட்டா கூடுதலாகத் திணிக்க எல்லோருக்கும் ஆசை. நீண்ட பேஸ்பேட் (அடிமூடி), மெல்லிய ஃபாலோயர் (தோட்டா வரிசையைத் தாங்கும் தட்டு), 11 சுற்று ஸ்பிரிங் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். 20 நிற்கிற இடத்தில் 21 நின்றுவிடும். ஆனால் ஸ்பிரிங் அடிவரை நசுங்கி, மூடிய ஸ்லைடின் கீழ் மேகசின் முழுதாக ஏறாது. ஓட்டத்தில் ரீலோட் செய்யும்போது கிளிக் சத்தம் கேட்டமாதிரி இருக்கும், அடுத்த அடியில் மேகசின் காலடியில் கிடக்கும். முழுசாக நிரப்பிய மேகசினில் மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். இரண்டு மூன்று மி.மீ.யாவது இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். கொள்ளளவு என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட, ஸ்லைடு மூடியிருக்கும்போது சொருக முடிகிற எண்தான் உங்கள் எண்.

ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன நடக்கிறது என்பதை ஜாமின் தோற்றமே சொல்லும். ஸ்லைடு பின்னால் போய்த் திரும்பி வருவதற்குள் தோட்டா வரிசை மேலே ஏறி நிற்க வேண்டும். ஏறவில்லையென்றால் ஸ்லைடின் முகம் தோட்டாவின் விளிம்பைப் பிடிக்காமல் அதன் நடு உடம்பில் ஏறி நிற்கும். பித்தளையில் பிறைபோல் ஒரு வடு விழும். அந்த வடுவைக் கண்டால் எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) தொடாதீர்கள், அது மேகசின் ஸ்பிரிங்கின் கையெழுத்து. தோட்டாவின் மூக்கு தாழ்ந்து ராம்பில் (பேரலுக்குள் ஏறும் சரிவு) முட்டி நின்றால் ஃபாலோயர் சாய்கிறதா, குழாய்க்குள் மண் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கு வானத்தைப் பார்த்து நின்றால் மேகசினின் மேல் உதடுகள் விரிந்து, தோட்டாவைச் சீக்கிரம் விட்டுவிடுகின்றன.

அந்த உதடுகளுக்கான இடைவெளி அளவைத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறாகச் சொல்வார்கள். அதை மனப்பாடம் செய்வதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஒருபோதும் சிக்காத மேகசின் ஒன்றை எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் கேலிபரால் அளந்து எழுதி வையுங்கள். மற்றவற்றை அதனுடன் ஒப்பிடுங்கள். ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் விலகினாலே சந்தேகப்படலாம். கான்கிரீட் தரையில் நிறைந்த மேகசின் உதடு கீழாக விழுந்தால், அன்றைக்கே அளக்க வேண்டும்.

எல்லா மேகசினுக்கும் அடியில் பெரிய எழுத்தில் எண் போடுங்கள். ஜாம் விழுந்தால் மேகசின் எண், உள்ளே மிச்சம் எத்தனை தோட்டா என்ற இரண்டை மட்டும் குறித்தால் போதும். மூன்று மாதத்தில் குற்றவாளி தானாக மேலே வருவான். ஒரே மேகசினில் இரண்டாவது முறை விழுந்தால் அது பயிற்சிப் பைக்குப் போக வேண்டும், போட்டிப் பெல்ட்டுக்கு வரக்கூடாது. ஸ்பிரிங்கை ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது மலிவான காப்பீடு. மண்ணில் விழுந்த மேகசினை அந்த ஸ்டேஜ் முடிந்தவுடன் கழற்றிப் பிரஷ் போட வேண்டும், மாலை வரை வைக்கக் கூடாது. உள்ளே எண்ணெய் மட்டும் வேண்டாம். எண்ணெய் பட்ட மண் பசையாகிவிடும்.

அடுத்தது தோட்டா. லிமிடெட்டில் மேஜர் வேண்டுமென்றால் குறைந்தது .40 காலிபர். பவர் ஃபேக்டர் என்பது குண்டின் எடையைக் கிரெயினில் எடுத்து, வினாடிக்கு அடி வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பது. 180 கிரெயின் குண்டு 950 அடி வேகத்தில் போனால் 171. யுஎஸ்பிஎஸ்ஏ-வின் மேஜர் எல்லையான 165-க்கு அது தாராளம். ஐபிஎஸ்சி ஸ்டாண்டர்டின் 170-க்கு நூலிழை. குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) தோற்று, குறைந்த புள்ளி தரும் மைனர் ஸ்கோரில் விழுவதும் ஒருவகை நம்பகக் குறைவுதான். ஐபிஎஸ்சி போட்டிக்குப் போகிறவர்கள் 173, 174 என்று வைத்துக்கொள்வது நல்லது.

தொழிற்சாலை .40 தோட்டாவின் உச்ச நீளம் 1.135 அங்குலம். 2011 மேகசினின் குழாய் அதைவிட நீளமான தோட்டாக்களுக்காகப் பிறந்தது. குட்டைத் தோட்டா உள்ளே முன்னும் பின்னும் அலைந்து, ராம்பில் செங்குத்தான கோணத்தில் மோதும். அதனால்தான் இந்தப் பிஸ்டலுக்குத் தாமே தோட்டா தயாரிக்கிறவர்கள் 1.180 முதல் 1.200 வரை நீளமாக வைக்கிறார்கள். அதற்கு ஏற்றபடி சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) குடையப்பட்டிருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இதே தோட்டா வேறு பிஸ்டல் மேகசினில் நுழையாது. பெட்டியின் மேல் எழுதி வையுங்கள். 9 எம்.எம்.-க்கு 1.150-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் சுகமாக ஓடும்.

மைதானத்தில் பொறுக்கிய பித்தளைக் கூடு இன்னொரு தலைவலி. அடிப்பகுதி முழுதாகத் தாங்கப்படாத சேம்பர்களில் சுட்ட .40 கூடுகள் அடியில் வீங்கியிருக்கும். கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் சாதாரண சைசிங் டை அந்த வீக்கம் வரை இறங்காது. கையால் பொருத்திய இறுக்கமான சேம்பரில் அந்த வீக்கம் முக்கால் வழியில் நின்றுவிடும்; ஸ்லைடு ஒரு மி.மீ. மூடாமல் நிற்கும். ரோல் சைசர் (கூட்டை உருட்டி இறுக்கும் கருவி) அல்லது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் குறுகலான டை இதற்கு மருந்து. அதன்பின் போட்டித் தோட்டா ஒவ்வொன்றையும் கேஜில் (அளவு பார்க்கும் துளை) போட்டுப் பார்க்க வேண்டும். 100 துளை உள்ள கேஜ் பலகையில் வேலை சீக்கிரம் முடியும். தன் எடையிலேயே டொக்கென்று இறங்கி, கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். விரலால் தள்ள வேண்டியதெல்லாம் பயிற்சிக்கு. பலகை கையில் இருக்கும்போதே பிரைமர்களின் (தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூடி) மேல் விரலைத் தடவுங்கள். விளிம்புக்கு மேல் துருத்தியது ஒன்றாவது மாட்டும்.

அந்தத் துருத்தல்தான் லைட் ஸ்டிரைக்கின் (அடி விழுந்தும் தோட்டா வெடிக்காதது) முதல் காரணம். ஹேமரின் அடி பிரைமரை வெடிக்கச் செய்யாமல், அதை இடத்தில் உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடியில் வெடித்தால் காரணம் கிட்டத்தட்ட இதுவே. இரண்டாவது காரணம் ட்ரிக்கர் ஆசை. ஹேமரை இயக்கும் மெயின்ஸ்பிரிங் 1911-இல் பாரம்பரியமாக 23 பவுண்டு. போட்டிக்கு 19 அல்லது 17. அதற்குக் கீழே இறங்கினால் ஃபெடரல் பிரைமர் வெடிக்கும், சிசிஐ போன்ற கடினமானது சில சமயம் வெடிக்காது. 17-இல் நின்றுவிடுவதே புத்திசாலித்தனம். இழுவையின் தரம் சியரின் முகத்தில் இருக்கிறது, மெயின்ஸ்பிரிங்கில் கொஞ்சம்தான்.

எக்ஸ்ட்ராக்டரைப் பற்றிக் கதைகள் அதிகம். 1911 வழியில் வந்த உள்வகை எக்ஸ்ட்ராக்டர் தானே ஒரு ஸ்பிரிங். அதை வளைத்துத்தான் இறுக்கம் கொடுக்கிறார்கள், காலப்போக்கில் அது விட்டுக்கொடுக்கும். சோதனை எளிது. ஸ்லைடைக் கழற்றி, பேரலை எடுத்துவிட்டு, பிரைமரும் மருந்தும் இல்லாத போலித் தோட்டா ஒன்றை விளிம்பு கொக்கிக்குள் போகும்படி கீழிருந்து நுழையுங்கள். மெதுவாக அசைத்தால் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், பலமாக உதறினால் விழலாம். நுழைக்கவே முக்க வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். அதுவும் தோட்டா சேம்பருக்குள் ஏறுவதைக் கெடுக்கும். அடுத்தது மைதானச் சோதனை: ஒரு தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி, மேகசினை வெளியே எடுத்துவிட்டுச் சுடுங்கள். இப்படிப் பத்து முறை. பத்துக் கூடும் ஏறக்குறைய ஒரே திசையில் வெளியே போனால் எக்ஸ்ட்ராக்டர் நல்லது. ஒன்று பிடிக்குள் விழுந்தாலும் வேலை இருக்கிறது. வழக்கமாகச் சுடும்போது கீழே இருக்கும் தோட்டா இந்தக் குறையை மறைத்துவிடும்.

கூடுகள் திடீரென்று வெவ்வேறு திசையில் பறந்தால், எக்ஸ்ட்ராக்டர் தன் துளைக்குள் சுழல்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடித்து நிறுத்துவது ஃபயரிங் பின் ஸ்டாப் என்ற சிறு தகடு. அது தளர்வாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டரை எத்தனை முறை வளைத்தாலும் பயனில்லை. கொஞ்சம் பெரிய தகடு வாங்கி அரத்தால் தேய்த்துப் பொருத்தினால் தீர்ந்தது. இரண்டு சிறு சுருள் ஸ்பிரிங் வைத்த ஆஃப்டெக் வகை எக்ஸ்ட்ராக்டருக்கு வளைக்கிற வேலை இல்லை. ஆனால் அந்தச் சுருள்களை மாற்ற மறக்கக் கூடாது. கழற்றும்போது காற்றில் பறந்துபோகும் அளவு சிறியவை.

ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னுக்குத் தள்ளுவது): .40 மேஜருக்கு 12 முதல் 14 பவுண்டு, 9 எம்.எம். மைனருக்கு 8 முதல் 10, ஓப்பனில் 7 முதல் 9 என்று பெரும்பாலோர் நிற்கிறார்கள். கனமானால் ஒவ்வொரு அடிக்கும் முன்குறி கீழே குத்தும். லேசானால் குறி அழகாகத் திரும்பும், ஆனால் அழுக்கான தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும் வலு குறையும். போட்டியின் மூன்றாவது நாளில் அது தெரியும். 3,000 முதல் 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிய ஸ்பிரிங் ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்தாலே போதும், கருவி வேண்டாம்.

ஹேமர் ஃபாலோ மட்டும் வேறு ஜாதி. ஸ்லைடு மூடும்போது ஹேமர் கூடவே இறங்கினாலோ, ஒரு இழுப்புக்கு இரண்டு வெடித்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். மேகசினை எடுத்து, சேம்பரைக் காலியாக்கி, பையில் போட்டுப் பொருத்தியவரிடம் கொண்டுபோங்கள். சியர் ஸ்பிரிங்கை மைதானத்தில் வளைத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

எண்ணெயில் கஞ்சத்தனம் இந்த வகைக்கு ஆகாது. ஸ்லைடு ஓடும் தண்டவாளம் இரண்டும், பேரலின் முன்முனையும், பூட்டுப் பற்களும் ஈரமாக மின்ன வேண்டும். 300 தோட்டாவுக்கு ஒருமுறை சொட்டுப் போட்டால் போதும், முழுசாகத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஓப்பன் பிஸ்டலில் எல்லாமே இன்னும் விளிம்பில் நடக்கிறது. காம்பன்சேட்டருக்குள் (பேரல் முனையில் வாயுவை மேலே திருப்பும் பாகம்) ஈயமும் கரியும் கல்லாகப் படியும். தடுப்புச் சுவர்களின் ஓரத்தைச் சுரண்டாமல் விட்டால் ஒருநாள் குண்டு உரசும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) திருகுகளுக்கு நீலத் திருகுப் பசை போட்டு, மேலே ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகினால் திருகு சுழன்றிருக்கிறது. பேட்டரியைப் பெரிய போட்டிக்கு முன் மாற்றிவிடுவது வழக்கமாகட்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு சிஇசட் ஷேடோ 2 என்ற பிஸ்டல் இருக்கிறது. 1,330 கிராம் எஃகு, மேகசின் சோதனை இல்லாமலேயே ஓடும். அதற்கும் பலவீனம் உண்டு: ட்ரிக்கரைத் திருப்பித் தள்ளும் சிறு ஸ்பிரிங்கும் ஸ்லைடு ஸ்டாப்பும் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். இரண்டும் பையில் இருந்தால் கவலையில்லை. 2011-காரர் பையில் இருக்க வேண்டியவை: பொருத்திச் சோதித்து முடித்த இன்னொரு எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின்னும் அதன் ஸ்பிரிங்கும், ரீகாயில் ஸ்பிரிங், சியர் ஸ்பிரிங், ஒரு ஸ்குயிப் கம்பி (பேரலில் சிக்கிய குண்டைத் தள்ளுவது). சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் அடுத்த இழுப்புக்கு முன் நிறுத்துங்கள். பேரலில் குண்டு சிக்கியிருக்கலாம்.

ஸ்டேஜில் ஜாம் விழுந்தால் ஐபிஎஸ்சி விதி சரிசெய்ய இரண்டு நிமிடம் வரை தருகிறது, மறு ஓட்டம் தராது. சரிசெய்யும்போது விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும்; உள்ளே இருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றுவார்கள். அவசரத்தில் ஸ்லைடை இழுக்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வாரம் ஒருமுறை போலித் தோட்டாக்களைக் கலந்து பழகினால் கை தானாக விலகும்.

புதிதாகப் பொருத்தி வந்த பிஸ்டலுக்கு 500 தோட்டா வரை பொறுமை காட்டலாம். இறுக்கமான பொருத்தம் அதற்குள் தேய்ந்து வழிவிடும். அதற்கு மேலும் "ஓட ஓடச் சரியாகும்" என்று சொன்னால் நம்பாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். சரியாக ஓடத் தொடங்கியபின் மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் 200 தோட்டா சோதனை வையுங்கள். போட்டிக்கு முந்தின இரவு செய்ய வேண்டியது மூன்றுதான்: எண்ணெய், பேட்டரி, திருகின் கோடு. புதிய ஸ்பிரிங் பாக்கெட் தபாலில் அன்றைக்குத்தான் வந்தது என்றாலும், பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள்.